உடைந்த சன்னலும் ஒரு தேதியும்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகருக்கு வெளியே காயலிட்ஷா என்றொரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. ஹோசா மொழியில் அந்தப் பெயருக்கு 'புது வீடு' என்று பொருள். நிறவெறி ஆட்சி 1980களில் கறுப்பின மக்களை நகரத்திலிருந்து தள்ளிக் குடியமர்த்துவதற்காக உருவாக்கிய இடம் அது. இப்படிப்பட்ட குடியிருப்புகளை அந்நாட்டில் 'டவுன்ஷிப்' என்பார்கள். 2008ஆம் ஆண்டு அங்குள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலரிடம் கேமராக்கள் தரப்பட்டன. பள்ளியில் எது உங்களைப் படிக்கவிடாமல் செய்கிறதோ அதைப் படம் எடுத்து வாருங்கள் என்று சொல்லப்பட்டது. வந்த படங்களில் ஒன்று லுஹ்லாசா உயர்நிலைப் பள்ளியின் சன்னல்கள். ஏறக்குறைய 500 கண்ணாடிகள் உடைந்து கிடந்தன. பல ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை. கேப்டவுனில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். அந்த மழையும் காற்றும் நேரே வகுப்பறைக்குள் வந்தன.

மாணவர்கள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கப் போனார்கள். பெற்றோரிடம், பக்கத்துப் பள்ளிகளில், தேவாலயங்களில் பேசினார்கள். ஊர்வலம் போனார்கள். சில மாதங்களில் மாகாணக் கல்வித் துறை பழுது பார்க்கப் பணம் ஒதுக்கியது. கண்ணாடிகள் மாற்றப்பட்டன.

செய்தி இவ்வளவுதான் என்றால் இதை எழுத வேண்டியதில்லை. ஓர் ஊர்ப் பள்ளியின் சன்னலில் தொடங்கிய அந்த முயற்சி, ஐந்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் எல்லா அரசுப் பள்ளிகளுக்குமான சட்ட விதிகளில் போய் நின்றது. 'ஈக்வல் எஜுகேஷன்', அதாவது சமமான கல்வி, என்பது அந்த முயற்சிக்குப் பின்னிருந்த அமைப்பின் பெயர். இளைஞர்கள் கல்விக்காகப் போராடுகிறார்கள் என்று செய்தியில் படிக்கும்போது நம் மனத்தில் பதாகையும் கோஷமும்தான் வருகின்றன. அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதை இந்த ஓர் அமைப்பை வைத்து விளக்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள். 'கல்வி நீதி' என்பது எல்லோருக்கும் பள்ளியில் இடம் கிடைப்பதோடு முடிவதில்லை. ஒரு குழந்தை எந்த வீட்டில், எந்தத் தெருவில் பிறந்தது என்பது அதற்குக் கிடைக்கும் பள்ளியின் தரத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்ற கோரிக்கை அது. 'அமைப்பாளர்' என்பவர் உதவி செய்பவர் அல்ல. பாதிக்கப்பட்டவர்களையே ஒன்றுசேர்த்து, பொறுப்பில் இருப்பவரிடம் பதில் கேட்க வைப்பவர். இந்த வேறுபாடு முக்கியமானது. 500 கண்ணாடிகளுக்கு ஒரு நன்கொடையாளரே பணம் கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால் அந்தப் பள்ளியில் காற்று நின்றிருக்கும். ஆனால் சன்னலைப் பராமரிப்பது யாருடைய கடமை என்ற கேள்வி எழுந்திருக்காது. அடுத்த முறை கண்ணாடி உடைந்தால் மீண்டும் ஒரு நல்ல மனிதரைத் தேட வேண்டியிருக்கும். பக்கத்துப் பள்ளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் ஏன் அந்த நிலையில் இருந்தன? 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தாழ்ந்த தரத்தில் ஒரு தனிக் கல்வியைத் திட்டமிட்டே உருவாக்கியது. அவர்களை உடலுழைப்புக்கு மட்டும் தயார்செய்வதே அதன் நோக்கம். 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கியது, ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் படிக்கக் கட்டாயப்படுத்தியதை எதிர்த்து. காவல் துறை சுட்டதில் மாணவர்கள் உயிரிழந்தார்கள். ஆகவே அந்த நாட்டில் மாணவர் திரள்வது புதிதல்ல. 1994இல் ஆட்சி மாறியது. சட்டத்தில் பாகுபாடு ஒழிந்தது. ஆனால் கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. முன்பு வெள்ளையர்க்கான பள்ளிகளில் நூலகமும் ஆய்வகமும் மைதானமும் இருந்தன. 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி அரசுப் பள்ளிகளும் கட்டணம் வாங்கலாம் என்பதால் அவை கட்டணம் வாங்கிக் கூடுதல் ஆசிரியர்களையும் அமர்த்திக்கொண்டன. ஏழைப் பகுதிப் பள்ளிகள் பின்னாளில் கட்டணமில்லாப் பள்ளிகளாக அறிவிக்கப்பட்டன. அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் அரசு தருவதைத் தவிர வேறு வரவு அவற்றுக்கு இல்லை. சட்டம் சமமாக இருந்தும் பள்ளிகள் சமமாகாமல் போனது இப்படித்தான்.

இந்த இடத்தில்தான் மாணவர்கள் வருகிறார்கள். ஈக்வல் எஜுகேஷனின் மாணவ உறுப்பினர்களுக்கு 'ஈக்வலைசர்' என்று பெயர். பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். பள்ளி முடிந்த பிறகு வாரம் ஒரு முறை சிறு குழுக்களாகக் கூடுவார்கள். பள்ளிப் படிப்பை முடித்த ஓர் இளைஞர் குழுவை நடத்துவார். அந்தக் கூட்டங்களில் வரலாறு பேசப்படும், சட்டம் விளக்கப்படும். அரசின் வரவுசெலவுக் கணக்கை எப்படிப் படிப்பது என்று கற்றுத்தரப்படும். என் பள்ளியில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் சொல்வார். என் பள்ளியிலும்தான் என்று இன்னொருவர் சொல்வார். வெளியிலிருந்து பார்த்தால் இது ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் தன் பள்ளியின் குறை தன் தலைமையாசிரியரின் அலட்சியத்தால் வந்தது என்று நினைத்திருந்த மாணவி, அதே குறை இருபது பள்ளிகளில் இருப்பதை அறியும்போது அவளுடைய கேள்வி மாறிவிடுகிறது. இனி அது தலைமையாசிரியரிடம் கேட்கும் கேள்வி அல்ல. அமைச்சரிடம் கேட்கும் கேள்வி.

சன்னலுக்குப் பிறகு அவர்கள் எடுத்துக்கொண்டது நூலகம். அப்போது நாட்டில் நூறு அரசுப் பள்ளிகளை எடுத்தால் எட்டில்கூட இயங்கும் நூலகம் இருக்கவில்லை. 'ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஒரு நூலகர்' என்பது கோரிக்கை. 2009 செப்டம்பரில் சுமார் 3,000 மாணவர்கள் கேப்டவுனில் ஊர்வலம் போனார்கள். 2011 மார்ச் 21 அன்று, மனித உரிமை நாளில், சுமார் 20,000 பேர் திரண்டார்கள். இடையில் நன்கொடையாக வந்த புத்தகங்களை வகைப்படுத்திப் பள்ளி நூலகங்கள் அமைக்கும் வேலையையும் செய்தார்கள். உதவி வேண்டாம் என்பதல்ல அவர்கள் நிலைப்பாடு. உதவி கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது என்பதே.

அரசு தரப்பில் ஒரு பதில் திரும்பத் திரும்ப வந்தது: செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் பதிலில் பொய் இல்லை. கட்டுமானத் திட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் எவ்வளவு, எங்கே, எப்போதைக்குள் என்று அளக்க ஒரு கோல் இல்லை. அடிப்படைக் கல்வித் துறை 2011இல் வெளியிட்ட கணக்கே நிலைமையைச் சொன்னது. மொத்தம் 24,793 அரசுப் பள்ளிகள். 3,544 பள்ளிகளில் மின்சாரம் இல்லை. 2,402 பள்ளிகளில் தண்ணீர் வசதி இல்லை. 913 பள்ளிகளில் எந்தக் கழிப்பறையும் இல்லை. 11,450 பள்ளிகளில் இன்னமும் குழிக் கழிப்பறைகள் இருந்தன. குழிக் கழிப்பறை என்றால் நிலத்தில் தோண்டிய ஆழ்குழி, மேலே ஓர் இருக்கை, அவ்வளவுதான். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல் இல்லை என்பது தெரிந்ததும் கோரிக்கையே மாறியது. இதுவே இந்த வரலாற்றின் திருப்பம். நூலகம் கொடுங்கள், கழிப்பறை கொடுங்கள் என்று தனித்தனியாகக் கேட்பதை விட்டு, ஒரு பள்ளி என்றால் அதில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள் என்று கேட்டார்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு பிரிவு இருந்தது. 2007இல் சேர்த்தது. பள்ளிக் கட்டமைப்புக்கான குறைந்தபட்ச விதிகளை அமைச்சர் வகுக்கலாம் என்றது அது. 'வகுக்கலாம்' என்றால் வகுக்காமலும் இருக்கலாம். அந்த ஒரு விகுதியில்தான் எல்லாம் நின்றது.

அரசமைப்புச் சட்டமோ வேறு தொனியில் பேசுகிறது. அதன் 29ஆம் பிரிவு அடிப்படைக் கல்வி ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. வீடு, மருத்துவம் போன்ற உரிமைகளைப் பற்றிப் பேசும்போது, இருக்கும் வளங்களுக்கு உட்பட்டுப் படிப்படியாக நிறைவேற்றலாம் என்று அந்தச் சட்டம் அரசுக்கு அவகாசம் தருகிறது. அடிப்படைக் கல்விக்கு அந்த அவகாசம் எழுதப்படவில்லை. டர்பன் நகரின் ஜும்மா மஸ்ஜித் தொடக்கப் பள்ளி தொடர்பான வழக்கில் 2011இல் அரசமைப்பு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இந்த உரிமை உடனடியாக நிறைவேற்ற வேண்டியது என்றது. அப்படியானால் 'வகுக்கலாம்' என்ற சொல்லை 'வகுக்க வேண்டும்' என்றுதானே படிக்க வேண்டும்? அமைப்பு அந்தக் கேள்வியுடன் 2012இல் கிழக்குக் கேப் மாகாணத்தின் பிஷோ உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்குள்ள இரண்டு பள்ளிகளின் ஊர்க்குழுக்களும் உடன் வழக்காடின. சட்ட வளங்கள் மையம் என்ற பொதுநல வழக்கறிஞர் அமைப்பு அவர்களுக்காக வாதாட முன்வந்தது.

நவம்பரில் விசாரணை தொடங்குவதற்குச் சற்று முன்பு, அப்போதைய அமைச்சர் ஆஞ்சி மொட்ஷெக்கா உடன்பாட்டுக்கு வந்தார். 2013 மே 15க்குள் விதிகளை வெளியிடுவதாக ஒப்புக்கொண்டார். ஜனவரியில் ஒரு வரைவு வந்தது. அதில் எண்ணிக்கையும் இல்லை, காலமும் இல்லை. போதுமான இடம், போதுமான வெளிச்சம் என்ற அளவில் இருந்தது. மாணவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, அந்த வரைவைப் படித்துக் காட்டி, கருத்துகளை எழுதி வாங்கி அனுப்பினார்கள். மே 15 கடந்தது. விதிகள் வரவில்லை. மீண்டும் நீதிமன்றம். ஜூலையில் உத்தரவு வந்தது. 2013 நவம்பர் 29 அன்று அரசிதழில் விதிகள் வெளியாயின.

அந்த விதிகளில் என்ன இருந்தது? ஒரு வகுப்பில் 40 மாணவர்களுக்கு மேல் கூடாது. இத்தனை மாணவர்களுக்கு இத்தனை கழிப்பறை. குழிக் கழிப்பறை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேதிகள் இருந்தன. முழுவதும் மண், மரம், தகரம், கல்நார் ஆகியவற்றால் கட்டிய பள்ளிகளை மூன்றாண்டுக்குள் மாற்றிக் கட்ட வேண்டும். தண்ணீர், மின்சாரம், கழிப்பறை அறவே இல்லாத பள்ளிகளுக்கு அவற்றை அதே மூன்றாண்டுக்குள் தர வேண்டும். போதிய வகுப்பறைகளுக்கும் சுற்றுவேலிக்கும் ஏழாண்டு. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் பத்தாண்டு. மற்ற எல்லாம் 2030 முடிவதற்குள்.

தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். தேதி இல்லாத வாக்குறுதியை யாரும் மீற முடியாது. எப்போது கேட்டாலும் அது நடந்துகொண்டே இருக்கும். தேதி வந்துவிட்டால் அதற்கு மறுநாள் என்று ஒன்று வந்துவிடுகிறது. அந்த மறுநாள் காலையில் ஒரு பதினாறு வயது மாணவி தன் பள்ளிக்குப் போய், குழாயைத் திறந்து பார்த்து, சட்டம் நிறைவேறியதா இல்லையா என்று சொல்லிவிட முடியும். அதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை.

அவர்கள் அதைத்தான் செய்தார்கள். முதல் காலக்கெடு முடியும் 2016இல் கிழக்குக் கேப்பின் 60 பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். கௌட்டெங் மாகாணத்தில் 200க்கும் மேற்பட்ட பள்ளிகளின் கழிப்பறைகளை எண்ணினார்கள். ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள டெம்பிசாவில் நூறு மாணவர்களுக்கு மேல் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தியது தெரியவந்ததில் தொடங்கிய முயற்சி அது. இதற்கு அவர்கள் கையாண்டது 'சமூகத் தணிக்கை'. அரசு செய்ததாகச் சொல்வதை மக்களே நேரில் சரிபார்ப்பது என்று பொருள். ராஜஸ்தானில் எம்.கே.எஸ்.எஸ். என்ற உழவர், தொழிலாளர் அமைப்பு 1990களில் ஊர்க்கூட்டங்களில் கூலிக் கணக்கை உரக்கப் படித்து வளர்த்த முறை இது. நம்மிடம் நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியே பழகிப்போன இந்தச் சொல் அங்கே பள்ளிக் கழிப்பறைக்குப் போனது.

விதிகளில் ஓர் ஓட்டையும் இருந்தது. வளங்கள் கிடைப்பதையும் பிற அரசுத் துறைகளின் ஒத்துழைப்பையும் பொறுத்தே இவை நிறைவேற்றப்படும் என்று ஓர் உட்பிரிவு சொன்னது. அதாவது ஒரு கையால் கொடுத்த தேதியை மறு கையால் எடுத்துக்கொள்ளும் வழி. மூன்றாண்டுக் கெடு கடந்தபோது அரசு அந்த வழியில்தான் போனது.

இதற்கிடையில் 2014 ஜனவரியில் லிம்போபோ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக் குழிக் கழிப்பறையில் விழுந்து இறந்தான். பள்ளிக்குப் போகத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 2018 மார்ச்சில் கிழக்குக் கேப்பில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அதே விதமாக இறந்தாள். 11,450 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த எண்ணில் அடங்கிய ஒவ்வொரு பள்ளியும் ஒரு குழந்தைக்கு ஆபத்தாகவே இருந்தது. அது அரசுக்கும் தெரிந்திருந்தது.

அமைப்பு மீண்டும் பிஷோவுக்குப் போனது. 2018 ஜூலை 19 அன்று நீதிமன்றம் அந்த உட்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. உரிமை உடனடியானது, வளம் இருந்தால் செய்கிறேன் என்ற நிபந்தனை அதோடு சேராது என்பதே சாரம். அமைச்சர் மேல்முறையீட்டுக்குக் கேட்ட அனுமதியை அரசமைப்பு நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் குழிக் கழிப்பறைகளை ஒழிக்க அதிபர் சிரில் ராமபோசா தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கிவைத்தார்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். குவாசூலு-நட்டாலின் நுகுத்து பகுதியில் மாணவர்கள் பள்ளிக்கு மணிக்கணக்கில் நடந்தார்கள். அங்கே தொடங்கிய இயக்கம், வழக்குக்குப் பிறகு 2018இல் 12 பள்ளிகளுக்குப் பேருந்து வசதி பெற்றுத் தந்தது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது பள்ளி உணவும் நின்றது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உணவு அது. அமைப்பும் லிம்போபோவின் இரண்டு பள்ளிகளும் தொடுத்த வழக்கில், பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் தகுதியுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு தர வேண்டும் என்று 2020 ஜூலை 17 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த முறையைப் பற்றிய ஐயங்களையும் சொல்ல வேண்டும். முதல் ஐயம், இதில் மாணவர் குரல் எவ்வளவு, பெரியவர் குரல் எவ்வளவு என்பது. 2013 ஜூனில் கல்வித் துறையே ஓர் அறிக்கை வெளியிட்டது. வெள்ளையினப் பெரியவர்கள் சிலர் கறுப்பினக் குழந்தைகளை அரைகுறை உண்மைகளால் திரட்டுகிறார்கள் என்று அதில் குற்றஞ்சாட்டியது. அப்போது அமைப்பின் தலைவராக இருந்தவர் யோலிஸ்வா ட்வானே, கிழக்குக் கேப்பின் டிம்பாசாவில் வளர்ந்த கறுப்பினப் பெண், சட்டம் படித்தவர். அந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் கேள்வி நியாயமானது. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரின் மொழி மேலோங்கும். பிரமாணப் பத்திரம் மாணவர் நடையில் எழுதப்படுவதில்லை. மாணவர் பிரதிநிதிகளுக்கு அமைப்பின் தேசியக் குழுவில் இடம் தந்தது இதற்கு ஒரு மறுமொழி. முழு மறுமொழி அல்ல.

இரண்டாவது ஐயம் கடுமையானது. 2018இல் அமைப்பின் மூத்த பொறுப்பாளர்கள் சிலர்மீது பாலியல் சீண்டல் புகார்கள் எழுந்தன. பதவி விலகலும் விசாரணையும் நடந்தன. பதின்வயதினர் நம்பி வரும் இடத்தில் பொறுப்பு இருமடங்கு. அரசிடம் பதில் கேட்கும் அமைப்பு தன்னிடமும் அதே கண்டிப்புடன் பதில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, சன்னலும் கழிப்பறையும் வந்துவிட்டால் கற்றல் வந்துவிடுமா என்பது. வராது. படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனில் தென்னாப்பிரிக்கத் தொடக்கப் பள்ளி மாணவர்கள் பன்னாட்டுத் தேர்வுகளில் மிகவும் பின்தங்கியே இருக்கிறார்கள். அதற்கு ஆசிரியர் பயிற்சி, தாய்மொழி, புத்தகம் என்று வேறு காரணங்கள் உண்டு. அவற்றுக்கு ஒரு தேதி குறிப்பது இவ்வளவு எளிதல்ல. ஆயினும் மழையில் நனையாமல் உட்கார ஓர் இடம் கற்றலுக்கு முன்நிபந்தனை என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இந்த மாணவர்கள் சாதித்ததில் பெரியது எந்த ஊர்வலமும் அல்ல, எந்தத் தீர்ப்பும் அல்ல. அரசின் வாயிலிருந்து ஒரு தேதியை வாங்கியதும், அந்தத் தேதிக்கு மறுநாள் போய் எண்ணிப் பார்த்ததும்தான். அந்தத் தேதிகள் எவ்வளவு வலிமையானவை என்பதை அரசும் புரிந்துகொண்டது. 2022இல் வெளியிட்ட திருத்த வரைவில் அவற்றை நீக்க முன்வந்தது. அமைப்பு எதிர்த்தது. மக்களிடமிருந்து மீண்டும் கருத்துகள் திரட்டி அனுப்பப்பட்டன. 2024 ஜூனில் திருத்தம் இறுதி செய்யப்பட்டது. தேசிய அளவிலான காலக்கெடுக்கள் விதிகளிலிருந்து அகற்றப்பட்டன. அது தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

தேதிகளுடன் விதிகள் வெளிவந்த 2013இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள், தேதிகள் நீக்கப்பட்ட 2024இல் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார்கள்.